அன்புள்ள நிபந்தனை அவர்களுக்கு

மாமியாரை அடியோடு நீக்கிவிட்டு அவன் நிமிர்ந்தபோது வெள்ளிக்கிழமை காலை மணி பதினொன்று. அடுத்தது மாப்பிள்ளை. அதற்கடுத்து சித்தப்பா.

"இன்னிக்கே மொத்தக் குடும்பத்தையும் முடிச்சிடணும்" என்று கணினித் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டான்.

காதோடு தோளில் இடுக்கியிருந்த கைபேசியின் மறுமுனையில் மனைவி இருப்பதை அவன் மறந்தே போயிருந்தான்.

"யாரு குடும்பத்தைங்க?"

"ஆபீஸ் வேலைம்மா. நீ சொல்லு, என்ன கேட்டே?"

"சிவப்புப் பெட்டியா நீலப் பெட்டியான்னு கேட்டேன். அப்புறம் பார்த்தா, போன தடவை அடுக்கின சிவப்புப் பெட்டியை இன்னும் பிரிக்கவே இல்லை. அப்படியே தூக்கிக்கலாம். இந்தத் தடவையும் லீவு இல்லைன்னு வந்து நின்னீங்கன்னா, நானும் பெட்டியும் மட்டும் போய்க் கடலைப் பார்த்துட்டு வந்துடுவோம். சொல்லிட்டேன்."

சொன்னால் செய்கிறவள் அவள். அவன் நான்கு முறை விடுப்புக் கேட்டிருந்தான், நான்கு முறையும் கடைசி நேரத்தில் ஏதாவது ஒன்று வந்து கழுத்தைப் பிடித்தது. ஐந்தாவது முறைக்கு மேலாளர் ஒரு வழி சொல்லியிருந்தார்.

"திங்கக்கிழமை புதுசா ஒரு அம்மா வேலைக்குச் சேர்றாங்க. நல்ல அனுபவசாலி. முதலாளியே நேர்ல பேசி எடுத்திருக்கார். அவங்க நம்ம ப்ரோகிராமைப் பார்த்துட்டு, 'எனக்குப் புரிஞ்சுது, நான் பார்த்துக்கிறேன்'னு சாயங்காலத்துக்குள்ள சொல்லிட்டாங்கன்னா, செவ்வாய்க்கிழமை காலையில நீங்க கிளம்பலாம். பத்து நாள். நான் போன்கூடப் பண்ண மாட்டேன்."

"அவங்களுக்குப் புரியலைன்னா?"

"புரியற வரைக்கும் நீங்க பக்கத்துல உட்காரணும்."

அந்தப் 'புரியணும்' என்கிற சொல்தான் அவனைப் பிடித்து ஆட்டத் தொடங்கியது.

அலுவலகத்தில் அவனுக்கு டிக்‌ஷனரி என்று பெயர். "பாட்டில் காலி" என்று யாராவது சொன்னால், "காலி இல்லை, காத்து இருக்கு" என்பான். அப்படிப்பட்டவன் ஐந்து வருடமாகக் கட்டி மேய்த்து வந்த மென்பொருளோ, பெயர் விஷயத்தில் கொஞ்சமும் கூச்சநாச்சம் இல்லாதது.

அது கடிதம் தயாரிக்கிற மென்பொருள். வாடகைப் பத்திரம், மின்கட்டண நோட்டீஸ், பிறந்தநாள் வாழ்த்து என்று எதுவானாலும் ஆயிரக்கணக்கில் அச்சடித்துத் தள்ளும். 'வயது அறுபதுக்கு மேல் என்றால் பெரிய எழுத்தில் அச்சிடு' என்று வாடிக்கையாளர் கட்டளை எழுதிக் கொடுத்தால், அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, தலைகீழாக நிற்கும் மரமாக அடுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டும் அந்த மரத்தில் ஒரு கணு. ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு பெயர் வேண்டும். இருபது வருடத்துக்கு முன்னால் இதை எழுதிய புண்ணியவான், எல்லாக் கணுக்களுக்கும் சொந்தக்காரர்கள் பெயரை வைத்துத் தொலைத்திருந்தார்.

'இப்படி இருந்தால்தான் உள்ளே விடுவேன்' என்று வாசலில் நின்று கேள்வி கேட்கும் கணுவுக்கு மாமியார். தானாக வராது, அழைத்தால்தான் வரும், வந்தாலும் கையில் ஏதாவது கொடுத்தால்தான் வேலை செய்யும் என்கிற கணுவுக்கு மாப்பிள்ளை. சொன்னதையே திரும்பத் திரும்பச் செய்வது சித்தப்பா. எண்களைக் கூட்டுவது மச்சான், எழுத்துகளை ஒட்டுவது சகலை. தனக்குக் கீழே யாருமே இல்லாத கடைசிக் கணு கைக்குழந்தை.

எழுதியவர் யார் என்று பார்த்தால், முதல் வரியில் 'எழுதியது: நான்தான்' என்று மட்டும் இருந்தது. யார் அந்த நான் என்று டிக்‌ஷனரி பலமுறை பல்லைக் கடித்திருக்கிறான்.

அனுபவசாலி அம்மாள் வந்து, மாமியாருக்குக் கீழே இரண்டு மாப்பிள்ளை, அதில் ஒருவருக்குள் சித்தப்பா என்று படித்தால் என்ன நினைப்பாள்? சாயங்காலத்துக்குள் எங்கே புரியும்? மாமியாருக்குப் பதில் நிபந்தனை, மாப்பிள்ளைக்குப் பதில் அழைப்பு, சித்தப்பாவுக்குப் பதில் சுழற்சி. கண்ணாடி மாதிரி இருக்கும். தேடு, மாற்று, எல்லா இடத்திலும் மாற்று. மூன்று பொத்தான் வேலை.

மாமியாரில் தொடங்கி ஒவ்வொருவருக்கும் மூன்று பொத்தானையும் அழுத்தினான். மொத்தம் இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு இடங்களில் மாற்றியதாகத் திரை பணிவோடு சொன்னது.

பன்னிரண்டு மணிக்கு, மென்பொருளின் சோதனைப் பட்டியல் முழுவதும் தவறு என்று சிவப்பாக நின்றது. ஏழையும் ஏழையும் கூட்டச் சொன்னால் எழுபத்தேழு என்றது. காரணம் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. மச்சான், சகலை இரண்டு பேருமே எதையோ ஒன்றோடு ஒன்று சேர்க்கிறவர்கள்தானே என்று, இருவருக்கும் 'இணைப்பு' என்று ஒரே பெயரை வைத்துவிட்டான். இப்போது இரண்டாயிரம் இடத்தில் எந்த இணைப்பு முன்னாள் மச்சான், எந்த இணைப்பு முன்னாள் சகலை என்று அதைப் படைத்தவருக்கே தெரியாது.

பழைய பிரதிக்குத் திரும்பியிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் திரும்பிப் போவது டிக்‌ஷனரியின் வழக்கம் இல்லை. பக்கத்து மேசைக்காரர்கள் இருவரைத் துணைக்குக் கூப்பிட்டான்.

ஒருத்தி கமா. பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளி வைக்க மாட்டாள் என்பதால் அந்தப் பெயர். இன்னொருவன் பிரேக். எந்தச் சிக்கல் வந்தாலும், ஒரு பிரேக் எடுத்துட்டு வந்து பார்க்கலாம் என்பான். மூவரும் பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மரத்துக்குள் இருந்ததை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து, மச்சானைக் கூட்டல் ஆக்கி, சகலையை இணைப்பாகவே விட்டார்கள். அதோடு எழுந்து போயிருக்கலாம்.

"எல்லாம் சரி, ஆனா நிபந்தனைன்னு சொன்னா பத்தாது, நிபந்தனைங்கிறது கேள்விதான், அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் பிரியுதே, அது யாரு பொறுப்பு, அதையும் பேர்லயே சொல்லணும் இல்லையா" என்றாள் கமா.

"அப்ப கிளைன்னு வை" என்றான் பிரேக்.

"கிளைன்னா மரத்துல இருக்கிறது எல்லாமே கிளைதானே!" என்றான் டிக்‌ஷனரி.

"அப்ப பிரிப்புன்னு வை."

"எதைப் பிரிக்குது, யாரைப் பிரிக்குது, குடும்பத்தையா பிரிக்குது, முழுசாச் சொல்ல வேண்டாமா" என்றாள் கமா.

சாப்பாட்டு நேரம் போயிற்று. குரல் உயர்ந்தது. ஒரு கட்டத்தில் கமா தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டேகாலுக்கு சமாதானம் ஏற்பட்டது. மூவரின் சொல்லும் அதில் இருந்தது. இந்த முறை எச்சரிக்கையாக மரத்துக்குள் மட்டும் மாற்றினார்கள். ஒரு காலத்தில் மாமியாராக இருந்த கணு, இப்போது 'நிபந்தனைசார் கிளைப்பிரிப்புக் கணு' ஆயிற்று.

"எவ்வளவு தெளிவா இருக்கு பாரு" என்றான் டிக்‌ஷனரி. மற்ற இருவரும் தலையாட்டினார்கள். மூவருக்கும் பசி.

அப்போதுதான் சாவிக்காரர் உள்ளே வந்தார். ஸ்டோர் ரூம் சாவி அவரிடம் இருப்பதால் சாவிக்காரர். அலுவலகம் திறந்த நாளிலிருந்தே இருப்பவர். ஒரு பழைய மர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, டிக்‌ஷனரியின் பக்கத்தில் வைத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"இது எதுக்குங்க?"

"திங்கக்கிழமை வர்றவங்களுக்கு சார். ஸ்டோர்ல இருக்கிற மர நாற்காலிதான் வேணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க."

"முதுகுவலியா இருக்கும்."

"அதில்லை சார், அவங்க..."

"தூசி பறக்குதுங்க. அப்புறமாத் துடைச்சுக்கலாமே." டிக்‌ஷனரி திரைக்குத் திரும்பிக்கொண்டான். சோதனைப் பட்டியல் அப்போதுதான் பச்சையாக மாறிக்கொண்டிருந்தது, அந்த அழகை விட்டு அவனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

பட்டியல் பச்சையானால், மூன்று மணிக்கு மென்பொருளின் புதிய பிரதி தானாகவே வாடிக்கையாளர்களுக்குப் போய்விடும். அன்றும் போயிற்று.

மூன்றே முக்காலுக்கு ஓர் அச்சகக்காரர் கூப்பிட்டார்.

"சார், ஒரு மருமகப் பொண்ணு தன் மாமியாருக்கு அறுபதாவது பிறந்தநாள் வாழ்த்து அடிக்கச் சொன்னுது. உங்க ப்ரோகிராம்ல இருக்கிற மாதிரி மடலைத்தான் போட்டேன். என்ன வந்திருக்குன்னு படிக்கவா?"

"படிங்க."

"'அன்புள்ள நிபந்தனை அவர்களுக்கு, உங்களைப் போல் ஒரு நிபந்தனை கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.' முந்நூறு மடல் அடிச்சு, பக்கத்து மண்டபத்துக்கு வந்திருக்கிற சொந்தக்காரங்க எல்லாருக்கும் போயாச்சு. அந்த மாமியாரம்மா இப்ப என் முன்னாடிதான் உட்கார்ந்திருக்காங்க. பத்து வருஷமா மருமக மனசுல இருந்ததை இப்பத்தான் வெளியில சொல்லியிருக்கான்னு அழறாங்க."

டிக்‌ஷனரி அவசரமாக மாதிரி மடல் ஒன்றைத் திறந்து பார்த்தான். எல்லா இடத்திலும் மாற்று என்றபோது, மென்பொருளோடு சேர்ந்து கிடந்த எண்ணூறு மாதிரி மடல்களும் அந்த எல்லா இடத்தில் சேர்த்தி என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. மடலில் இருந்தவர்கள் நிஜமான மாமியார்கள்.

"பத்து நிமிஷம் கொடுங்க" என்று போனை வைத்தான்.

"ஒரு பிரேக் எடுத்துட்டு நிதானமாப் பார்க்கலாமே" என்றான் பிரேக். அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே நல்ல யோசனை அது. யாரும் காதில் வாங்கவில்லை.

டிக்‌ஷனரி செய்தது எளிமையான காரியம். மாதிரி மடல்களில் மட்டும், நிபந்தனை என்று இருந்தால் மாமியார் என்று மாற்று. அழைப்பு என்று இருந்தால் மாப்பிள்ளை. இணைப்பு என்று இருந்தால் சகலை. உடனே அனுப்பு.

அனுப்பிய பிறகுதான், மடல்களில் நிஜமான நிபந்தனைகளும் இருந்திருக்குமே என்று தோன்றியது. தோன்றி முடிப்பதற்குள் தொலைபேசி அடித்தது.

"வீட்டு வாடகைப் பத்திரம் எடுத்தேன் சார். 'கீழ்க்காணும் பதினோரு மாமியார்களுக்கு உட்பட்டு இந்த வீடு வாடகைக்கு விடப்படுகிறது'ன்னு வருது. குடி வர்றவர் ஒரே ஒரு மாமியாருக்கே பயந்து வீடு மாத்துறவர். கையெழுத்துப் போட மாட்டேங்கிறார்."

அடுத்து ஒரு தொலைபேசிக் கம்பெனி. 'உங்களுக்கு மூன்று தவறிய மாப்பிள்ளைகள் உள்ளன' என்று நாலாயிரம் பேருக்குச் செய்தி போயிருந்தது. அதில் ஒருவர், மூன்று பெண்களைப் பெற்றவர், கம்பெனி வாசலில் வந்து நிற்கிறாராம். தவறியவர்களின் விவரம் வேண்டுமாம்.

அதற்கடுத்து மின்சார அலுவலகம். 'பாக்கி செலுத்தாததால், தங்கள் சகலை நாளை காலை பத்து மணிக்குத் துண்டிக்கப்படும்.'

"இதுல ஒருத்தர் திரும்பக் கூப்பிட்டு, தாராளமாப் பண்ணிக்கோங்கன்னு சொல்றார் சார். என்ன பதில் சொல்ல?"

நாலரைக்கு மேலாளர் வந்து நின்றார். கோபம் வந்தால் அவர் குரல் தணிந்துவிடும். இப்போது குனிந்து காது கொடுத்தால்தான் கேட்டது.

"எதுக்கு இதெல்லாம்?"

"புதுசா வர்றவங்களுக்குப் புரியணும்னுதான் சார்."

"திங்கக்கிழமை காலையில எல்லாம் ஒழுங்கா இருக்கணும். இல்லைன்னா கடலாவது குளமாவது."

எண்ணூறு மடலையும் அவன் வீட்டுக்கு எடுத்துப் போனான். சனிக்கிழமை பகல் முழுக்கவும் ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்கவும் ஒவ்வொரு மடலையும் படித்து, மாமியார் இருக்க வேண்டிய இடத்தில் மாமியாரையும், நிபந்தனை இருக்க வேண்டிய இடத்தில் நிபந்தனையையும் கையாலேயே உட்கார வைத்தான். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள், திரையை எட்டிப் பார்த்தாள், பக்கத்திலேயே உட்கார்ந்து இருநூறு மடலைத் தானே படித்துத் திருத்திக் கொடுத்தாள். அவள் திருத்தியதில் ஒரு தவறுகூட இல்லை. கல்யாணமான புதிதில் இப்படி ஒரே வேலையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தது அவனுக்கு நினைவுக்கு வந்தது. இவளைக் கடலுக்குக் கூட்டிப் போயே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எல்லாம் சரியாயிற்று. மரம் பச்சை, மடல்கள் பழையபடி. கடைசியாக ஒரு காவலும் போட்டான். இனிமேல் மென்பொருளுக்குள் யாராவது மறந்துபோய் மாமியார், மாப்பிள்ளை என்று எழுதினால், 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று திரை கதவைச் சாத்திவிடும். பழைய பெயர்களின் வாடைகூட வருகிறவர் மூக்கில் படக்கூடாது என்று, எது எதுவாக மாறியது என்ற பட்டியலையும் கிழித்துப் போட்டான்.

"பெட்டி வாசல்லயே இருக்கு" என்றாள் மனைவி.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அனுபவசாலி வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக் கண்ணாடி. அலுவலகத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நேராக வந்து மர நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பிடியை ஒரு தடவை தடவிக்கொண்டாள்.

"ப்ரோகிராமைத் திறங்க தம்பி. பத்து நிமிஷம் போதும். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

பத்து நிமிடம்! டிக்‌ஷனரிக்கு அப்போதே உப்புக்காற்று முகத்தில் அடித்தது.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். நெற்றி சுருங்கியது. மேலே போனாள், கீழே வந்தாள். எதையோ தட்டினாள். 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்றது திரை. வேறொன்றைத் தட்டினாள். அவரும் இல்லை.

"நிபந்தனைசார் கிளைப்பிரிப்புக் கணு" என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இது எந்தக் கம்பெனி ப்ரோகிராம் தம்பி?"

"நம்மளோடதுதான் மேடம். உங்களுக்குப் புரியணும்னுதான் எல்லாப் பேரையும் மாத்தி வச்சிருக்கேன்."

"எனக்காகவா?"

"ஆமா மேடம். முன்னாடி இருந்த கூத்தைப் பார்த்திருந்தா சிரிச்சிருப்பீங்க. யாரோ ஒரு அரைவேக்காடு, மாமியார், மாப்பிள்ளைன்னு வீட்டுல இருக்கிற அத்தனை பேரையும் கொண்டுவந்து உள்ள கொட்டி வச்சிருந்தார். கூச்சமே இல்லாம 'எழுதியது நான்தான்'னு வேற."

"அப்படியா?" என்றாள் அந்த அம்மாள். கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தாள். "ரொம்ப மெனக்கெட்டிருக்கீங்க. நாளையிலேருந்து லீவுன்னு சொன்னாங்களே. எத்தனை நாள்?"

"பத்து நாள் மேடம். நாலு தடவை தட்டிப்போனது."

"சந்தோஷம்" என்றவள், அந்தப் பக்கமாக வந்த மேலாளரைக் கைகாட்டி நிறுத்தினாள். "சார், எனக்கு இது ஒண்ணுமே புரியலை. தம்பி பக்கத்துல இருந்து ஒவ்வொண்ணாச் சொல்லித் தந்தா, ஒரு பத்து நாள்ல பிடிபட்டுடும்."

"அவ்வளவுதானே? இருப்பார்" என்றார் மேலாளர், மிகவும் தணிந்த குரலில்.

டிக்‌ஷனரி நடைபாதைக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் புரிந்துகொண்டாள். பெட்டியின் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது, பிறகு கதவு சாத்தும் சத்தம், பிறகு போனும் நின்றது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்டோர் ரூமைப் பூட்டிக்கொண்டிருந்த சாவிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சார், முகம் இப்படி இருக்கு?"

"என்னத்தைச் சொல்ல! பெரிய அனுபவசாலின்னாங்க. ஒரு வரி புரியலையாம். ஆனா உங்க ஸ்டோர் ரூம் மூலையில மர நாற்காலி இருக்கிறது மட்டும் நல்லாத் தெரியுது. அது எப்படிங்க?"

சாவிக்காரர் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவங்க நாற்காலி அவங்களுக்குத் தெரியாதா சார்? இருபது வருஷத்துக்கு முன்னாடி புதுசாக் கல்யாணமாகி இங்க வேலைக்கு வந்தப்போ, புகுந்த வீட்டு ஆளுங்களை ஒவ்வொருத்தரா நினைச்சு நினைச்சு, அதுல உட்கார்ந்துதானே உங்க மரத்தையே எழுதினாங்க!"